ஒலி அடங்குகிறதா?

அமெரிக்கத் தரைப்படை 2017-இல் தேர்ந்தெடுத்த சிக் சாவர் பி320, உறுப்புகளை மாற்றிப் பொருத்தத்தக்க கைத்துப்பாக்கி. அதன்மேல் பொருத்தும் செம்புள்ளிக் குறிநோக்கியைத் தயங்காமல் பாராட்டலாம்: புள்ளியின் பிம்பம் வெகுதொலைவில் அமைவதால், கண் சற்று விலகினாலும் குறி அதிகம் பிறழாது.

'சைலென்சர்' சங்கதி வேறு. (தத்துவம் மோட்டார் சைக்கிளில் உள்ளதுதான்.) சுட்டதும் குழல் பின்வாங்கிச் சாய வேண்டும், முனையில் எடை தொங்கினால் அவ்வியக்கம் தடுமாறும். ஆகவே இடையில் ஒரு சுருள்வில் அமைப்பும் தேவை. சரி, ஓசை? கணக்கிட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 160 டெசிபல் வெடியோசையில் 30 குறைந்தால், ஒலிச்செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. பெரிய சாதனைதான்! ஆனால் மிஞ்சும் 130 டெசிபல் செவியை வருத்தவல்லது. திரைப்படத்தில் கேட்கும் 'புஸ்' அன்று. தவிர, 9 மி.மீ. குண்டுகளில் பல, வினாடிக்கு 340 மீட்டர் என்னும் ஒலிவேகத்தை மிஞ்சுபவை. அவை வழிநெடுக எழுப்பும் அதிர்வலையைக் குழல்முனைக் கருவி தொடவே முடியாது.