முதனூலும் வழிப்படமும்: வங்கக் கதைகள் சில திரையேறிய திறம்

நல்ல கதையொன்று திரைப்படமாகும்போது, அதனை முன்னரே படித்தோர் கேட்கும் முதல் வினா, 'கதை உள்ளவாறே எடுக்கப்பட்டதா?' என்பதாகும். வினா இயல்பானதே, ஆயினும் அஃதொன்றே போதியதன்று. வழிநூல் முதனூலின் பொருளைத் தழுவி நிற்றல் வேண்டும் என்ற நன்னூலார், பின்னோன் தான் வேண்டிய வேறுபாடுகளைக் கூறுதற்கும் இடமளித்தார். மரபு அழிதலாகாது என்பதே அவர் விதித்த வரம்பு. நூலுக்குக் கூறிய இவ்விதி படத்துக்கும் பொருந்துவதாகும். எனவே, படம் வேறுபட்டதா என்று கேட்பதனினும், எங்கே வேறுபட்டது, எதன்பொருட்டு வேறுபட்டது, அதனால் வந்த பேறும் இழப்பும் யாவை என்று கேட்பதே திறனாய்வாளர் கடனாகும். இவ்வாராய்ச்சிக்கு வங்கப் படங்களைப் போல வாய்ப்பானவை சிலவே. அங்கே கதையாசிரியர்களும் பெரியோர். அவர்தம் கதைகளைக் கையாண்ட நெறியாளர் சத்தியஜித் ராயும் பெரியோர்.

திரைப்படம் இலக்கியத்தின் பிடியினின்று இன்னும் விடுபடவில்லை என்னும் கருத்தினை இரவீந்திரநாத தாகூர் 1929ஆம் ஆண்டில் ஒரு கடிதத்திற் குறிப்பிட்டார். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி' நூல்வடிவிற் போந்ததும் அதே ஆண்டிலேயாம். அந்நாவலே 1955இற் படமாகி, தாகூர் கூறிய குறையை நீக்கத் தலைப்பட்டமை நினைந்து இன்புறத்தக்கது.

கதையாசிரியனுக்குள்ள பெருஞ்செல்வம் அவனுடைய சொந்தக் குரலாகும். பாத்திரத்தின் நெஞ்சினுட் புகுந்து அதன் நினைவை அவன் உரைக்கலாம்; கதையை நிறுத்தி உலகியல் பேசலாம்; ஈராண்டினை ஒரு வாக்கியத்திற் கடக்கலாம். படத்துக்கோ காணப்படும் பொருளும் கேட்கப்படும் ஒலியுமே கருவி. ஆசிரியன் தன் குரலாற் கூறியதனைப் படம் ஒரு பொருளாலோ ஒரு செயலாலோ கூறவேண்டியிருக்கின்றது. வேறுபாடுகளுட் பல இத்தேவையினின்றே பிறக்கின்றன.

'பதேர் பாஞ்சாலி'யில் இதற்குத் தக்க சான்று உண்டு. துர்க்கா திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட பொருள், அவள் இறந்தபின் தம்பி அபுவின் கைக்கு அகப்படுகின்றது. நாவலில் அது பொன்னாலாகிய குங்குமச் சிமிழ். அபு அதனை மூங்கிற் புதருள் எறிந்துவிடுகின்றான். படத்தில் அது மணிமாலை. அபு அதனைக் குளத்தில் எறிகின்றான். மாலை விழுந்த இடத்திற் பாசி விலகி, மீண்டும் மெல்ல மெல்ல மூடிக்கொள்கின்றது. தமக்கையின் குற்றத்தைத் தம்பி காத்தான் என்பதும், அவளை மறதி மூடுகின்றது என்பதும் அப்பாசியின் அசைவொன்றாலேயே புலனாகின்றன. சிமிழ் மாலையானதும் புதர் குளமானதும் பிழையல்ல. குரலின் தொழிலைப் பொருளிடம் ஒப்படைத்த திறமாகும்.

புகைவண்டிக் காட்சியோ இன்னும் ஒருபடி மேற்செல்வது. நாவலில் துர்க்கா புகைவண்டியைக் காணாமலே இறக்கின்றாள். அந்நிறைவேறா ஆசையே நெடுந்துயராகத் தொடர்கின்றது. படத்தில் அக்காவும் தம்பியும் வெண்பூப் பூத்த நாணற் காட்டினூடே ஓடுகின்றனர். அவள் பின்தங்க, அபு வண்டியை அணுகிக் காண்கின்றான். அவ்வியப்போடு திரும்பும் வழியில், மூங்கிற் காட்டிலே முதியவளாகிய இந்திர் தாக்ரூணின் இறப்பை அவர்கள் காண்கின்றனர். நாவலில் அம்முதியவள் அபு வளருமுன்பே மறைந்துவிடுகின்றாள். பிள்ளைகள் வாழ்வில் முதல் வியப்பையும் முதல் இறப்பையும் அருகருகே வைக்க விழைந்த நெறியாளர், நாவலின் ஒரு துயரை இழந்து மற்றொன்றைப் பெற்றார். இழந்ததும் சிறிதன்று, எனினும் பெற்றது அதற்கு ஈடாயிற்று.

தாகூரின் 'தபாலதிபர்' என்னும் சிறுகதை 1891இல் வெளிவந்தது. அவருடைய நூற்றாண்டாகிய 1961இல் ராய் எடுத்த 'தீன் கன்யா' என்னும் படத்தில் ஒரு பகுதியாயிற்று. கல்கத்தாவினின்று சிற்றூர்த் தபாற் கந்தோருக்கு வந்த இளைஞன் ஒருவன். அவனுக்கு ஏவல் செய்யும் அநாதைச் சிறுமி ரத்தன். அவன் அவளுக்கு எழுத்தறிவிக்கின்றான். அவள் அவனது காய்ச்சலிற் பணிவிடை செய்கின்றாள். பின்னர் அவன் ஊரைவிட்டு நீங்குகின்றான். கதையில், அவன் கொடுக்கும் பணத்தை அவள் காலில் வீழ்ந்து மறுத்து ஓடுகின்றாள். ஓடத்திலேறிய அவன் ஒரு கணம் திரும்ப நினைத்து, பிரிவு உலகியல்பென்று தன்னைத் தேற்றிக்கொள்கின்றான். அவளுக்கு அத்தத்துவமும் இல்லை. அவன் திரும்பி வருவான் என்னும் பேதை நம்பிக்கையோடு தபாற் கந்தோரைச் சுற்றிவருகின்றாள். அதன்மேல் மனித நெஞ்சின் பேதைமை பற்றி ஆசிரியன் இரங்கிப் பேசக் கதை முடிகின்றது.

இவ்விரக்கவுரையைப் படம் எங்ஙனம் காட்டும்? ராய் அதனை முற்றும் நீக்கினார். படத்திலே ரத்தன் காலில் விழவில்லை, கெஞ்சவுமில்லை. நீர்வாளியைச் சுமந்தவளாய், காசேந்திய அவன் கையைக் கடந்து செல்கின்றாள். நீர் கொண்டுவந்திருப்பதாகப் புதிய தபாலதிபருக்கு அவள் கூறும் குரல் மட்டும் கேட்கின்றது. அவன் காசை மீண்டும் பையிலிட்டு நடக்கின்றான். தாகூரின் ரத்தனுக்கு நம்பிக்கை இருந்தது. ராயின் ரத்தனுக்கு நம்பிக்கை இல்லை, மானம் இருக்கின்றது. கதையின் கடைசிச் சொல் ஆசிரியனுடையது. படத்தின் கடைசிச் சொல் அச்சிறுமியின் மௌனத்தினுடையது. ஆசிரியன் வாய்திறவாத இடத்தில் அவளே தனக்காக நிற்கவேண்டியதாயிற்று. இவ்வேறுபாட்டினால் முதனூலின் பொருள் கெடவில்லை. வேறொரு வாயிலாக வெளிப்பட்டது.

'சாருலதா'வின் நிலை வேறு. தாகூர் 1901இல் எழுதிய 'நஷ்டநீட்', அஃதாவது 'சிதைந்த கூடு', என்னும் குறுநாவலே 1964இல் இப்படமாயிற்று. பத்திரிகைத் தொழிலில் மூழ்கிய பூபதி, தன் மனைவி சாரு பருவமெய்தியதையும் உணராதிருந்தான் என்று தாகூர் சொல்லால் உரைத்தார். ராய் அதனைத் தொடக்கக் காட்சியொன்றாற் காட்டினார். பிடியுடைய சிறு தொலைநோக்குக் கண்ணாடியோடு சாரு சன்னல் சன்னலாகச் சென்று தெருவைப் பார்க்கின்றாள். நூலில் ஆழ்ந்த பூபதி அவளைக் காணாமலே கடந்து போகின்றான். அவளோ, நீங்கும் அவனையும் அக்கண்ணாடியினூடே பார்க்கின்றாள். ஒரே வீட்டிலுள்ள கணவன் தொலைநோக்கிக்குரிய தொலைவிலிருக்கின்றான் என்பதனை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

ஆயின் முடிவு சிந்திக்கத்தக்கது. குறுநாவலில், சாருவின் மனம் மைத்துனன் முறையினனாகிய அமலிடம் சென்றமையை அறிந்த பூபதி, மைசூருக்குப் புறப்படுகின்றான். தன்னையும் அழைத்துச் செல்லுமாறு அவள் வேண்ட, அவன் தயங்கி மறுக்கின்றான். பின்னர் மனமிரங்கி அவளை அழைக்க, அவள் வேண்டாவென ஒரு சொல்லால் விலக்கிவிடுகின்றாள். படத்திலோ திரும்பிவந்த பூபதிக்கு அவளே கைநீட்டுகின்றாள், அவனும் நீட்டுகின்றான், இரு கைகளும் தொடுமுன்பே காட்சி அசைவற்று உறைந்துவிடுகின்றது.

உறைந்த கைகளின் அழகு மறுத்தற்கரியது. கூடு சிதைந்ததா, மீளக் கட்டப்படுமா என்னும் வினாவைக் காண்போர் நெஞ்சில் அது நிறுத்துகின்றது. எனினும், வேண்டாவென்னும் ஒரு சொல்லைத் திரையிற் சொல்லுதற்கு யாதொரு தடையும் இல்லை. ஆகவே இம்மாற்றம் கருவியின் தேவையாற் பிறந்ததன்று. நெறியாளரின் தீர்ப்பாற் பிறந்தது. 'தபாலதிப'ரிற் சிறுமிக்கு மறுக்கும் உரிமையை வழங்கிய ராய், ஈண்டு சாருவிடமிருந்து அதனைப் பெற்றுக்கொண்டார். வாழ்விற் சாரு தானாகத் தீர்த்த ஒரே தீர்ப்பு அம்மறுப்பு. அது போனமை இழப்பேயாம். படம் மூலத்தினின்று விலகியதென வங்கத்திற் கண்டனம் எழுந்தபோது, ராய் 'பரிசய்' இதழில் நெடியதொரு விடை எழுதித் தம் மாற்றங்களுக்குக் காரணங் காட்டினார். மாற்றுதற்கு உரிமை பூண்டவர் அதற்கு விடையிறுக்கும் கடமையையும் பூண்டமை போற்றத்தக்கது.

எனவே கருவி வேண்டும் வேறுபாடு, கருத்து வேண்டும் வேறுபாடு என வேறுபாடு இருவகைப்படும். முன்னதைத் திறத்தால் அளத்தல் வேண்டும். பின்னதை அறத்தால் அளத்தல் வேண்டும். இரண்டினையும் ஒன்றாகக் கொண்டு, மாறியதெல்லாம் பிழையென்போரும், படம் வேறு நூல் வேறெனக் கூறி வினாவையே விலக்குவோரும் ஒருங்கே தவறுகின்றனர்.

உறைந்த அக்கைகளின்மேல், படத்தின் பெயரன்று, தாகூரின் நூற்பெயரே எழுத்தாகத் தோன்றுகின்றது. வழிப்படம் தன் இறுதியில் முதனூலைச் சுட்டி நிற்கின்றது. அச்சுட்டினைக் கண்டோர் நூலையும் எடுத்துப் படிப்பாராயின், சாரு சொல்லிய அவ்வொரு சொல் அங்கே அழியாதிருப்பதைக் காண்பர்.