தேனீ தேடிய வீடு

குண்டுமாரியில் சிதைந்து கிடந்தது மியூனிக் நகரம். ஆண்டு 1949. அங்கே கொத்தாகத் தொங்கிய தேனீத் திரளின்மேல் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றின் உடலில் மகரந்தத்தைக் காணோம்; புகைபோக்கியின் கரியும் இடிந்த சுவரின் செங்கற்பொடியுமே அப்பியிருந்தன! தேன் தேடிப் போனவையா இவை? வீடு தேடிப் போனவை என்று கண்டுகொண்டார் மார்ட்டின் லிண்டாவர் எனும் இளம் ஆராய்ச்சியாளர்.

அவர் தொட்ட ஆராய்ச்சியை வளர்த்த அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் சீலி, 2010-இல் வெளியிட்ட நூல் 'ஹனிபீ டெமாக்ரசி'. தேனீ மக்களாட்சி எனத் தமிழில் கூறலாம். பெயர் மிகையன்று. பழைய ஐரோப்பா கூட்டின் தலைமைத் தேனீயை அரசன் என்றே எண்ணித் தொழுதது. அது பெண் என்பது பின்னரே புலனாயிற்று. அந்த அரசியும் முட்டையிடுகிறாளேயன்றி ஆணையிடுவதில்லை. புதுமனை தேர்வதில் அவளுக்குப் பங்கே கிடையாது.

ஏறத்தாழ 10,000 தேனீக்கள் கொண்ட திரளில் சில நூறு மட்டுமே வேவுக்குப் புறப்படுகின்றன. மரப்பொந்தில் நுழைந்து, இருளில் சுவரெங்கும் நடந்து நடந்தே அதன் கொள்ளளவை அறிகின்றன. திரும்பி வந்து ஆடுகின்றன; இடம் நன்றெனில் ஆட்டம் நீள்கிறது. ஆட்டம் கண்ட தேனீ அதை அப்படியே நம்பிவிடுகிறதா? இல்லை! தானே பறந்து, தானே நுழைந்து, தானே ஆராய்ந்த பின்னரே தானும் ஆடுகிறது. முதலில் ஆடியதோ ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைக் குறைத்து, முடிவில் ஓய்ந்துவிடுகிறது. (மேடையைவிட்டு இறங்க மனமில்லாத நம்மவர் கவனிப்பாராக!) ஒரே பொந்தின் வாயிலில் 20, 30 வேவுத் தேனீக்கள் ஒருசேரக் கூடிவிட்டால் முடிவு கனிந்தது என்று பொருள். ஆப்பிள்டோர் தீவில் 15 லிட்டர்ப் பெட்டிகள் நான்கையும் 40 லிட்டர்ப் பெட்டி ஒன்றையும் வைத்துச் சீலி சோதித்தார். ஐந்து திரள்களுள் நான்கு, பெரிய பெட்டியையே தேர்ந்தன.

இந்தப் பக்கங்கள் நூலின் மணிமுடி. மனிதர்க்குப் பாடம் சொல்லும் கடைசி அதிகாரத்தில்தான் நாம் ஆசிரியரோடு வழக்காட வேண்டியிருக்கிறது. நியூ இங்கிலாந்தின் ஊர்க்கூட்டத்தையும் தம் பல்கலைக்கழகத் துறைக்கூட்டத்தையும் சான்று காட்டுகிறார். நலன் ஒன்றாயுள்ள கூட்டத்துக்கே இப்பாடம் என்பதை அவரே ஒப்புகிறார். அந்த இடத்தில் இன்னும் சற்று நின்றிருக்கலாகாதா?

பொந்தைத் தேர்ந்த தேனீயே பொந்தில் குடியேறுகிறது. ஒழுகினால் அதன் தலையில்தான் ஒழுகும். நகரத்தில் நடப்பதென்ன? சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, 2000-ஆம் ஆண்டு தொட்டுக் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்துக்கும் ஏழைகளை அனுப்பினரே, இடத்தைத் தேர்ந்தவர் ஒருவர். மூட்டை கட்டியவர் மற்றொருவர்! வீட்டுவேலைக்குச் செல்லும் தாய் விடியலில் எத்தனை மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டும் என்பதை எந்த வரைபடம் அளந்தது?

நூலை வாங்கிப் படிக்க வேண்டுகிறோம். கடைசி அதிகாரத்தை மட்டும், காலை வேளையில் கண்ணகி நகரிலிருந்து புறப்படும் பேருந்தில் நின்றுகொண்டே படித்தல் நலம்.