ஐந்து கட்டை இரைச்சலும் ஆணி முத்தும்

தூத்துக்குடி அனல் மின்நிலையத்தின் 210 மெகாவாட் ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகின்றன. நொடிக்கு 50. அதனால் அந்த மின்சாரத்துக்கும் ஒரு சுருதி உண்டு. நம் கணக்கில் ஐந்து கட்டை, மேற்கத்தியக் கணக்கில் ஜி. துல்லியமான ஜி அந்தக் கீழ் ஸ்தாயியில் 49 ஹெர்ட்ஸ். மின்சாரம் அதைவிட அரைச் சுரத்தில் மூன்றிலொரு பங்கு ஏறி நிற்கிறது. கிதாரில் தடித்த ஆறாம் தந்தியை மூன்றாம் பிரெட்டில் அழுத்தினால் 98 ஹெர்ட்ஸ்; கிதாரின் ஆம்பில் மின்சாரத்தால் நாம் கேட்கும் உறுமலின் முக்கியப் பங்கு 100 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் சுருதி சேராத தம்புராவோடு பாடுவது போல் பல் கூசும். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி. அது ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் சரிபாதியில் விழுவதால் எந்தச் சுரத்தோடும் உறவு கொண்டாடுவதில்லை. இந்த வகையில் அவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளின் பாடகர் குழுக்களில் கிதார் புதிதல்ல. தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கிறது. அந்த நாட்களில் ஊர் முழுக்கச் சீரியல் பல்பு, டியூப்லைட், ஜெனரேட்டர், நீளநீளமாக இழுத்த ஒயர். ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள எலெக்ட்ரிக் கிதாரை இப்படிப்பட்ட இடத்தில் செருகினால் வாசிப்பதற்கு முன்பே ஐந்து கட்டையில் ஒரு ஆலாபனை கிளம்பிவிடும். காரணம் எளியது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிக் காயில்தான். தந்தி அசைந்தால் காந்தப்புலம் மாறுகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் மாறினாலும் அதேதான் நடக்கும். காயிலுக்கு வித்தியாசம் தெரியாது.

கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இதற்குக் கண்ட தீர்வுக்கு 1955-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு காயில்களை அருகருகே வைத்து, ஒன்றை மற்றதற்கு எதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகப் பிறந்து தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். காந்த முனைகளையும் மாற்றி வைத்ததால் தந்தியின் ஒலி மட்டும் கூடிக்கொள்ளும். ஹம்பக்கர் இவ்வளவுதான். 1959-இல் காப்புரிமை கிடைக்கும் முன்பு கிப்ஸன் அதன் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்ற வாசகத்தை ஒட்டி விற்றது. அந்த ஒட்டுத்தாளின் முதலெழுத்துகளே பின்னால் பி.ஏ.எஃப். என்று பெயராகிவிட்டது. ஒரு காயிலுக்குச் சுமார் 5000 சுற்று, 7.5 முதல் 8.5 கிலோ ஓம் மின்தடை. இன்றுவரை எல்லா ஹம்பக்கரையும் இதை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்.

அதிக அவுட்புட் என்ற ஆசை 1970-களில் வந்தது. அன்றைய வால்வு ஆம்பை முழுச் சத்தத்தில் வைத்தால்தான் ஒலி உடைந்து சூடேறும். பிக்கப்பே கூடுதல் மின்னழுத்தம் அனுப்பினால் அந்தச் சூடு சீக்கிரம் வரும். 1972-இல் லாரி டிமார்ஸியோ செராமிக் காந்தம் வைத்து, கூடுதல் சுற்று சுற்றி 'சூப்பர் டிஸ்டார்ஷன்' செய்தார். கிதாரோடு வந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றை வாங்கி மாட்டும் வழக்கம் அதிலிருந்துதான் பரவியது. அதே காலத்தில் லண்டனில் இருந்த சீமோர் டங்கன், பழுதான இரண்டு பழைய கிப்ஸன் ஹம்பக்கர்களுக்குத் திரும்பக் காயில் கட்டி, ஒரு டெலிகாஸ்டரில் பொருத்தி கிதார் கலைஞர் ஜெஃப் பெக்கிடம் கொடுத்தார். 1975-இல் வந்த 'ப்ளோ பை ப்ளோ' இசைத்தட்டில் அந்தக் கிதார் ஒலிக்கிறது. பின்னால் ஜே.பி. என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிக்கப்பின் வேர் அங்கே. உலகமே சூடு தேடிய காலத்தின் பொருள், அந்த இசைத்தட்டில் அழுவதுபோல் மெதுவாக நகரும் ஒரு பாட்டுக்குப் பெயர் வாங்கியது எனக்கு எப்போதும் ரசமான முரணாகத் தோன்றும்.

இன்று பிக்கப் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோ ஓம் என்று. சூப்பர் டிஸ்டார்ஷன் ஏறத்தாழ 13.7. ஜே.பி. 16.4. மூன்று செராமிக் காந்தம் வைத்த இன்வேடர் என்ற பிக்கப் 16.8. எண் பெரிதாக இருப்பதே பலம் பெரிதென்று எடுத்துக்கொள்கிறார்கள். உப்பளத்துப் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கேட்டால் சிரிப்பார். அவர் ஓம் பார்ப்பது கம்பி அறுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. மோட்டாரின் வலுவை அறிய அல்ல. பி.ஏ.எஃப்-இல் சுற்றியது 0.063 மில்லிமீட்டர் கம்பி. அதே சுற்று எண்ணிக்கைக்கு 0.056 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் மின்தடை கால்பங்குக்கு மேல் ஏறும், தந்தியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறாது. மெல்லிய கம்பி போட்டால் அதே கூட்டுக்குள் கூடுதல் சுற்று அடங்கும் என்பதுதான் லாபம். அதைச் செய்தார்களா, காந்தம் எது, அது தந்திக்கு எவ்வளவு அருகில் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

அளவு வேறு, தரம் வேறு என்பது இந்தக் கரைக்குப் பழைய பாடம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாட்களில் மதிப்பீட்டாளர்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகளை வைத்திருந்தார்கள். இருபது துளை உள்ளதில் தொடங்கி ஆயிரம் துளை உள்ளதில் முடியும். முத்துகளை அவற்றில் வரிசையாகச் சலித்து அளவு பிரிப்பார்கள். அது பொடியன்கூடச் செய்யக்கூடிய வேலை. கண் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு சல்லடையிலும் தங்கியதைத் துணியில் பரப்பி உருட்சி பார்ப்பார்கள், நீரோட்டம் என்னும் ஒளியைப் பார்ப்பார்கள். இரண்டிலும் குறை இல்லாததே ஆணி. முதல் சல்லடையில் தங்கிவிட்டது என்பதற்காக எந்த முத்தும் ஆணி ஆகிவிடவில்லை. தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அதிலும் உள்ளே வைக்கும் உருண்டை மனிதன் செதுக்கியது, ஆகையால் அளவு ஏறத்தாழ மனிதன் கையில். ஒளி மட்டும் சிப்பி சுரக்கும் படலத்தைப் பொறுத்தது.

கிலோ ஓமும் மில்லிவோல்ட்டும் சல்லடை. அங்கேயே நின்றுவிட்டு வாங்கி வருகிறவர்கள்தான் அதிகம்.

கிதாரின் நீரோட்டம் எங்கே இருக்கிறது? ஓரளவு கணக்காகவே சொல்லலாம். காயிலின் தூண்டமும், கம்பிச் சுற்றும் கேபிளும் சேர்ந்த கொள்திறனும் சந்திக்கிற இடத்தில் ஒரு மேடு எழும்புகிறது. அந்த அதிர்வெண்ணுக்கு மேல் ஒலி சரிந்துவிடும். பி.ஏ.எஃப். வகையின் தூண்டம் சுமார் 4.5 ஹென்றி. ஐந்து மீட்டர் கேபிளையும் சேர்த்து 600 பிக்கோஃபாரட் என்று வைத்தால் மேடு 3000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். தூண்டம் 8 ஹென்றி ஆனால் 2300-க்கு இறங்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 3000 முதல் 4000 வரையான பகுதியில். விரல் நகம் உரசுவது, பிளெக்ட்ரம் தந்தியை விட்டு விலகும் அந்தச் சின்னக் 'கிளிக்', கார்டில் ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்பது எல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. சுற்றைக் கூட்டக் கூட்ட நடுப்பகுதி புடைக்கிறது, அந்த மினுக்கம் மங்குகிறது. அதிக அவுட்புட்டுக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான். விலை கொடுப்பதில் தவறில்லை. என்ன கிடைக்கிறது என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கிடைப்பது நீட்சி. அதன் அருமை நம் இசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் புரியும். தூத்துக்குடியிலிருந்து உள்ளே போனால் எட்டயபுரம். அங்கே 1904-இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' தெலுங்கு எழுத்தில் அச்சேறியது. கம்பிதம், ஸ்புரிதம், நொக்கு, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு போட்ட நூல் அது. அதில் ஒதுக்கல் என்று ஒன்று. வீணையில் ஒரு மெட்டிலேயே விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் சுரத்தை எடுப்பது. கிதார்க்காரர்கள் பெண்டிங் என்று சொல்லிக்கொண்டு செய்வது அதுவேதான். ஆனால் மீட்டிய வீணை ஒலி சீக்கிரம் கரையும். இழுத்துச் சேர்வதற்குள் பாதி போய்விடும். சூடான ஹம்பக்கரும் உடைந்த ஆம்பும் சேர்ந்தால் மீட்டிய சுரம் நாதஸ்வரம்போல் நிற்கும். அதற்குள் கம்பிதத்தை ஆற அமர அசைக்கலாம். கேரளத்தின் மதர்ஜேன் குழுவில் பைஜூ தர்மஜன் வாசித்ததை 2008-இல் வந்த 'மக்தூப்' ஆல்பத்தில் கேளுங்கள். டிஸ்டார்ஷனுக்குள் கமகம் எவ்வளவு இயல்பாகக் குடியிருக்கிறது என்று தெரியும்.

இங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. நொக்கு என்பது அழுத்தம். ஒரு சுரம் பக்கத்துச் சுரத்தைவிடக் கனமாக விழ வேண்டும். மிகையான அவுட்புட் ஆம்பை எப்போதும் நிரம்பி வழியும் நிலையிலேயே வைத்திருப்பதால் மெல்ல மீட்டியதும் ஓங்கி மீட்டியதும் ஒரே உயரத்தில் வருகின்றன. நீட்சி கிடைத்து, கனபேதம் போய்விட்டால் கமகம் வெறும் நெளிவு. நான் இன்வேடரை ஒதுக்குவது இதனால்தான். கனமான ரிதம் மட்டும் வாசிக்கிறவருக்கு அது சொர்க்கமாக இருக்கலாம். சுரத்துக்குச் சுரம் எடை மாற்ற நினைப்பவருக்கு அது வாயில் துணி. சூப்பர் டிஸ்டார்ஷன் அதே செராமிக்தான், ஆனாலும் விரலை மதிக்கிறது. ஜே.பி-யின் அல்னிகோ 5 காந்தம் இன்னும் பேச்சுத்தன்மை உடையது. அதன் மேல்நடுப் பகுதி சில கிதார்களில் மூக்கால் பேசும்.

இழுப்பு அதிகமுள்ள வாசிப்புக்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹம்பக்கரின் திருகு முனைகள் ஒவ்வொன்றும் ஒரு தந்தியின் கீழே நிற்கின்றன. இரண்டு சுரம் தள்ளி இழுக்கும்போது தந்தி ஒரு முனையை விட்டு நகர்ந்து இரண்டு முனைகளுக்கு நடுவே போகும், ஒலி ஒரு கணம் தாழும். பில் லாரன்ஸின் எல்-500 வரிசையைப் போல முழு நீளத்துக்கும் ஒரே இரும்புப் பட்டை வைத்த பிக்கப்புகளில் இந்தப் பள்ளம் இல்லை. கமகப் பைத்தியங்கள் ஒருமுறையாவது அதை வாசித்துப் பார்க்க வேண்டும்.

மெட்டல் வாசிப்பவர்களின் தேவை வேறு. சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்கள் 1992-இல் தொடங்கிய 'ருத்ரா' உபநிடதக் கருத்துகளை டெத் மெட்டலில் வைத்துப் பாடுகிற குழு. அந்த வேகத்தில் உள்ளங்கையால் அடக்கி மீட்டும் ரிஃபுகளில் கீழ்த்தந்தி சொதசொதவென்று ஆகக் கூடாது. ஒவ்வொரு அடியும் வெட்டியதுபோல் முடிய வேண்டும். செராமிக் காந்தம் அங்கே தன் வேலையைக் காட்டும். இன்னும் இறுக்கம் வேண்டுமென்றால் இ.எம்.ஜி. 81 போன்ற ஆக்டிவ் பிக்கப். அதன் ரகசியம் தலைகீழானது: சுற்று குறைவு, பலத்தை உள்ளிருக்கும் சின்னப் பெருக்கி கொடுக்கிறது, அதற்கு 9 வோல்ட் பேட்டரி. சுத்தத் தொனியில் அது எனக்குச் சோப்புத் தண்ணீர்ச் சுவை. ஆனால் இந்தக் கரைக்கு அதில் ஒரு வசதி உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காயிலும் பெருக்கியும் எபாக்ஸியில் முழுக்க மூடியிருக்கின்றன. உப்பளக் காற்று தினமும் வீசும் ஊரில் சாதாரண ஹம்பக்கரின் எஃகுத் திருகுகள் துருப்பிடிக்கும், வால்யூம் பொத்தான் கரகரக்கும், தந்தி நாட்கணக்கில் கறுக்கும். பாடகர் குழு கிதாரைப் பெட்டியில் போடாமல் கோயிலிலேயே சாத்தி வைத்துவிட்டுப் போகும் ஊர்களில் இதுவும் ஒரு தேர்வு நியாயம்தான்.

கடையில் எப்படிச் சோதிப்பது? பலரும் டிஸ்டார்ஷனைப் போட்டு முழுச் சத்தத்தில் வாசித்துப் பார்க்கிறார்கள். இன்றைய ஆம்பிலும் டிஜிட்டல் பிராசஸரிலும் சூடு தாராளமாகக் கிடைக்கிறது. எந்தப் பிக்கப்பும் அங்கே வீரனாகத் தெரியும். மாறாக ஆம்பைச் சுத்தத் தொனியில் வைத்து, கிதாரின் வால்யூமைப் பாதிக்கு இறக்கி, ஒரு முழு கார்டை மெல்ல மீட்டுங்கள். தந்திகள் பிரிந்து கேட்டால் அந்தப் பிக்கப்புக்குள் ஆள் இருக்கிறார். பிறகு ஒரே சுரத்தை நான்குவித அழுத்தத்தில் வாசியுங்கள். நான்கும் நான்காகக் கேட்க வேண்டும். கடைசியில் சூட்டைக் கூட்டி, தந்திகளைக் கையால் அடக்கிக்கொண்டு நில்லுங்கள். கீச்சென்று கத்தினால் காயிலுக்குள் மெழுகு சரியாக இறங்கவில்லை, சுற்றுகள் தளர்ந்து அதிர்கின்றன.

ஞாயிறு காலை பாடகர் குழுவிலும் மாலையில் நண்பர்களோடு ராக்கும் வாசிக்கிற இளைஞருக்கு என் யோசனை: பிரிட்ஜ் பக்கம் 13 கிலோ ஓம் அளவில், நான்கு ஒயர் வெளியே வரும் ஹம்பக்கர். நான்கு ஒயர் இருந்தால் ஒரு சின்ன சுவிட்ச் போட்டு இரண்டு காயிலையும் தொடராக இல்லாமல் பக்க இணைப்பாக மாற்றலாம். அவுட்புட் இறங்கும், மினுக்கம் திரும்பும், இரைச்சல் அடங்கியே இருக்கும். ஒரு காயிலை மட்டும் தனியே எடுக்கும் இணைப்பில் ஐந்து கட்டை உறுமல் திரும்ப வந்துவிடும், ஆகையால் இங்கே அது உதவாது. பொத்தான்கள் 500 கிலோ ஓம். 250 போட்டால் இருக்கிற மினுக்கமும் தரையில் போகும்.

மாட்டிய பிறகு உயரம். கடைசி பிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, மெல்லிய தந்திப் பக்கம் 2.5, தடித்த தந்திப் பக்கம் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தொடங்குங்கள். அதிக அவுட்புட் வாங்கியவர்கள் அதைத் தந்தியை முட்டும் அளவுக்கு ஏற்றி வைத்துவிட்டுச் சொதசொதப்பைப் பிக்கப்பின் மேல் போடுகிறார்கள். ஸ்குரூடிரைவரை எடுத்து, தடித்த தந்திப் பக்கத் திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக்கொண்டே ஆறாம் தந்தியைக் கேளுங்கள். கீழ் சுரம் மூட்டம் கலைந்து, மீட்டிய கணத்தின் விளிம்பு தெரிகிற இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்திவிட்டு, குறைந்த சத்தத்துக்கு ஈடாக ஆம்பின் கெய்னை ஒரு கோடு கூட்டிக்கொள்ளுங்கள்.