பரம் வீர் சக்ரா: ததீசியின் எலும்பும் ஒரு 'அல்லது'வும்

பரம் வீர் சக்ரா பற்றித் தேடினால் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. விருத்திராசுரனை அழிக்க ததீசி முனிவர் உயிரை விட்டுத் தன் எலும்பைத் தந்தார். அதில் செய்த வஜ்ராயுதம்தான் பதக்கத்தில் இருக்கு. ஆகவே பதக்கத்தின் பொருள் உயிர்த்தியாகம். அழகான விளக்கம். ஆனால் பாதிதான் சரி என்பது என் கட்சி.

முதல்ல பதக்கத்தைப் பார்ப்போம். வடிவமைத்தவர் சாவித்திரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்தவர். சுமார் 35 மில்லிமீட்டர் வெண்கல வட்டம். நடுவில் அரசுச் சின்னம், சுற்றி நான்கு வஜ்ரம். பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், இடையே இரண்டு தாமரை. ஊதா நாடா. அவ்வளவுதான். முனிவர் இல்லை, எலும்பு இல்லை, மனித உருவமே இல்லை. இருப்பது ஆயுதம் மட்டும்.

அடுத்து விதி. 1950 ஜனவரி 26-இல் நிறுவப்பட்ட விருது இது. எதிரியின் முன்னிலையில் காட்டிய தலைசிறந்த துணிவு, அல்லது வீரச்செயல், அல்லது தியாகம் என்றுதான் தகுதி வகுத்திருக்காங்க. புரோகிராம் எழுதுறவன் கண்ணுக்கு அந்த 'அல்லது' தப்பாது. ததீசி கதை மற்ற வழிகளை மறைத்து, தியாகத்தை மட்டும் கட்டாயமாக்கிடுது.

கதைக்கு வலு இல்லைன்னு சொல்லலை. விருது பெற்ற 21 பேரில் 14 பேர் இறந்த பிறகே பெற்றார்கள். முதலாமவர் மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பரில் பட்காமில் வீழ்ந்தவர், சாவித்திரியின் மருமகனுடைய சகோதரர்.

ஆனால் மீதி ஏழு பேர்? ராம ராகோபா ராணே 1948 ஏப்ரலில், நவ்ஷேராவிலிருந்து ரஜோரி போகும் வழியில், குண்டுமழைக்கு நடுவே கண்ணிவெடிகளையும் தடைகளையும் அகற்றி டாங்கிகளுக்குப் பாதை போட்டார். அவர் செய்தது எஞ்சினியர் வேலை! தன் சிங் தாபாவுக்கும் (1962) யோகேந்திர சிங் யாதவுக்கும் (1999) 'மறைவுக்குப் பின்' என்றே முதலில் அறிவித்தார்கள். ஒருவர் சீனச் சிறையில் இருந்தார், மற்றவர் ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருந்தார்.

எலும்பைக் கொடுத்தவரைப் போற்றலாம். ஆயுதத்தைத் தாங்கிப் போய் வேலையை முடித்துத் திரும்பியவனுக்கும் அதே நான்கு வஜ்ரங்கள்தான். அடுத்த தடவை இந்தப் பதக்கத்தின் படம் கண்ணில் பட்டால், கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க.