வெருகும் தொட்டிலும்: பூனை அச்சத்தின் தொன்மை குறித்து

தொட்டிலருகே பூனையை அண்டவிடலாகாது என்னும் நம்பிக்கை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் உள்ளிட்ட தமிழகத்தில் வழங்குகிறது. இதனைச் சங்க காலத்திற்குக் கொண்டுசெல்லக் குறுந்தொகை இடந்தரவில்லை. ஒக்கூர் மாசாத்தியாரின் 139ஆம் பாடலில் வெருகைக் கண்ட பேடை தன் 'பிள்ளை'களை அழைக்கிறது. ஆங்குப் 'பிள்ளை' என்பது கோழிக்குஞ்சே, மனித மகவன்று. 107ஆம் பாடலிலோ வெருகின் குட்டியே 'பிள்ளை' எனப்படுகிறது. நள்ளிரவில் இல்லத்தெலியை நாடும் அவ்வெருகுக்குச் சேவல் இரையாக வேண்டும் என்று தலைவி வெகுள்கிறாள். மழலை பற்றிய அச்சம் அங்கில்லை. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே ஊர்தி. ஆகவே இவ்வச்சம் பூனையின் இயல்பிலிருந்து தானே பிறப்பதன்று. உறங்கும் சிசுவின் முகத்தருகே எவ்விலங்கையும் விடாமை நடைமுறை எச்சரிக்கை. அதற்குத் தொன்மைச் சான்று வேண்டுவதில்லை. சொல்லொற்றுமை ஒன்றையே கொண்டு நாட்டார் நம்பிக்கைக்குக் காலம் கணித்தல் ஆய்வுநெறி ஆகாது.