நின்றால்தான் பார்க்க முடியும்

2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் தமிழ் பேசிக்கொண்டு நம் ஊர்த் தியேட்டர்களுக்கு வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். வீட்டில் பெரியவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: “பொம்மைப் படத்துக்கா இத்தனை காசு?”

இந்த ‘பொம்மைப் படம்’ என்ற வார்த்தையோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அதைப் பிறகு பேசுவோம். முதலில் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பரைப் பற்றிச் சொல்லவேண்டும். பகலெல்லாம் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைகிறவர். இரவு சாப்பிட்டு முடித்ததும், 1990க்கு முன்னால் வந்த ஜப்பானிய அனிமேஷன் எதையாவது போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். புதுசு பக்கம் போகவே மாட்டார். ஏன் என்று கேட்டேன்.

“புதுசுல எல்லாமே ஓடிட்டே இருக்குதுங்க. பழசுல நிக்குதுங்க. நின்னாத்தானுங்க பாக்க முடியும்!”

பல திரைப்பட விமர்சனங்களில் இல்லாத விஷயம் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. அவர் சொன்ன அந்த ‘நிற்பது’ எங்கிருந்து வந்தது?

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம்கள். முழு அசைவு வேண்டுமென்றால் விநாடிக்குப் பன்னிரண்டு படமாவது, சில இடங்களில் இருபத்து நான்குமே கையால் வரையவேண்டும். வால்ட் டிஸ்னி அப்படித்தான் செய்தார். அவரிடம் பணமும் ஆளும் இருந்தன, ஒரு படத்துக்கு வருடக்கணக்கில் நேரமும் இருந்தது. 1963 ஜனவரி முதல் தேதி, ஜப்பான் தொலைக்காட்சியில் ஒசாமு தெசூகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஆரம்பித்தது. வாராவாரம் அரை மணி நேரம். தெசூகா டாக்டருக்குப் படித்துவிட்டுக் காமிக்ஸ் வரையப் போனவர். டிஸ்னி பைத்தியம். ஆனால் கையில் டிஸ்னியின் பட்ஜெட் இல்லை.

என்ன செய்தார்? ஒரே படத்தை மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்தினார். முகத்தை அசைக்காமல் வாயை மட்டும் அசைத்தார். அசையாத ஓவியத்தின் மேல் கேமராவை நகர்த்தினார். பையன் பறக்கும் காட்சியை ஒரு தடவை வரைந்து பத்திரப்படுத்தி, அடுத்தடுத்த வாரங்களில் பின்னணியை மட்டும் மாற்றிப் போட்டார். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம்! இப்படியே 193 பகுதிகள் ஓட்டினார்கள்.

வெறும் கஞ்சத்தனமாக இருந்திருந்தால் ஜனங்கள் அடுத்த வாரமே டிவியை அணைத்திருப்பார்கள். அணைக்கவில்லை. ஏனென்றால் நிற்கும் படத்தைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. ‘கமிஷிபாய்’ என்று ஒரு தெருக்கலை. சைக்கிளின் பின்னால் சின்ன மரச்சட்டத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். குழந்தைகளுக்கு மிட்டாய் விற்பார். பிறகு சட்டத்துக்குள் வைத்த அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக உருவியபடி கதை சொல்வார். 1930களிலிருந்து டிவி வரும்வரை ஜப்பானியத் தெருக்களில் சக்கைப்போடு போட்டது இது. படம் நிற்கும், குரல் ஓடும். ஊமைப்பட காலத்திலும் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல அங்கே தனியாக ஆள் இருந்தார். அவருக்கு ‘பென்ஷி’ என்று பெயர். ஸ்டாருக்குச் சமமான மவுசு.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகாது. 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, பிறகு 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊர்க்காரர். ஊமைப்பட நாட்களில் நம் பக்கமும் திரையோரம் நின்று கதையை விளக்க ஆள் உண்டு. அதற்கும் முன்னால், சினிமாவே இல்லாதபோது, ஓர் உடுக்கையை வைத்துக்கொண்டு இராத்திரி இராத்திரியாக அண்ணன்மார் கதை பாடிய ஊர் இது. பாடகர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே மாட்டார். பொன்னரும் சங்கரும் குதிரையேறிப் போவது கேட்கிறவன் கண்ணுக்குத் தெரியும்!

தெசூகா பணமில்லாமல் நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் வேண்டுமென்றே நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். 1974இல் வந்த ‘ஆல்ப்ஸ் சிறுமி ஹைடி’ இதற்கு நல்ல உதாரணம். இயக்கம் இசாவோ தகஹாதா. ஒவ்வொரு காட்சியிலும் எது எங்கே இருக்கவேண்டும் என்று வரைந்து கொடுத்தவர் ஹயாவோ மியாசாகி. இருவரும் பிற்பாடு ஸ்டுடியோ ஜிப்லி என்று உலகப் புகழ் பெற்றார்கள். டிவி சீரியல்தானே என்று விடாமல், சுவிட்சர்லாந்துக்கே போய் மலையையும் வீடுகளையும் பார்த்துவிட்டு வந்து வரைந்தார்கள். 52 வாரம். அதில் என்ன நடக்கிறது? தாத்தா நெருப்பில் சீஸை வாட்டுகிறார். அது மெல்ல உருகுகிறது. சிறுமி ரொட்டியோடு காத்திருக்கிறாள். ஆடுகள் மேய்கின்றன. சண்டையில்லை, வில்லனில்லை. உருகும் சீஸை அத்தனை நேரம் காட்டினால் பார்க்கிறவனுக்குப் பசிக்கிறது. வேகமாகக் காட்டியிருந்தால் வெறும் தகவலாக முடிந்திருக்கும்.

நம்மில் பலர் பெயர் தெரியாமலே இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தாம். 1990களின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் வந்த மோக்லி ஞாபகமிருக்கிறதா? அது ஜப்பான் சரக்கு. நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் எடுத்த 52 வாரத் தொடர். இந்தியில் வந்தது. தலைப்புப் பாட்டு குல்ஸார், இசை விஷால் பரத்வாஜ், ஷேர்கானுக்கு நானா படேகர் குரல். ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் இந்தியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத பிள்ளைகள் முழுக் கதையையும் பின்தொடர்ந்தார்கள். ஓநாய்த் தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திக் காட்டினால் மொழிபெயர்ப்பு எதற்கு?

இனி, ‘பொம்மைப் படம்’ வழக்குக்கு வருகிறேன்.

யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983இல் ஓர் ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்தார். அலகாபாத் பக்கம் தொல்லியல் அறிஞர் பி.பி.லால் செய்த அகழாய்வுகள் பற்றிய படம். அப்போது ராமாயணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களையெல்லாம் தேடிப் படித்தார். ராமனை ஒரு நடிகர் செய்தால் அந்த நடிகர்தான் தெரிவார், வரைந்தால்தான் ராமன் தெரிவான் என்பது அவர் எண்ணம். இங்கே எதிர்ப்புக் கிளம்பியது. ராமனைக் கார்ட்டூன் ஆக்குவதா என்ற கோபம். அரசாங்கம் கூட்டுத் தயாரிப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர் விடவில்லை. இந்திய அனிமேஷனின் மூத்தவர் ராம் மோகனைச் சேர்த்துக்கொண்டு, ஜப்பானிலேயே படத்தை எடுத்தார். சுமார் 450 ஓவியர்கள், ஒரு லட்சம் கை ஓவியங்கள். வேட்டி எப்படிக் கட்டுவது, எப்படிக் கும்பிடுவது என்று நம்மவர்கள் சொல்லிக்கொடுக்க அவர்கள் வரைந்தார்கள். இசை வன்ராஜ் பாட்டியா.

படம் தயாரானபோது இந்தியாவில் நேரம் சரியில்லை. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதம் டெல்லி திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அதன்பின் தியேட்டர்களில் அது சரியாக ஓட வாய்ப்பே கிடைக்கவில்லை. டிவியில் பார்த்த ஒரு தலைமுறைதான் அதைக் காப்பாற்றியது. கடைசியில் 2025 ஜனவரி 24 அன்று புதுப்பிக்கப்பட்ட பிரதி திரைக்கு வந்தது, தமிழிலும். சாகோ 2012லும் ராம் மோகன் 2019லும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

படம் எப்படி? சில இடங்களில் அவசரம். இரண்டேகால் மணி நேரத்தில் ஆறு காண்டம் என்றால் அவசரம் இருக்கத்தான் செய்யும். பாலகாண்டம் ஓட்டமாக ஓடுகிறது. ஆனால் காடு வந்ததும் படம் மூச்சு விடுகிறது. மரமும் ஆறும் வெளிச்சமும் வெறும் பின்திரையாக இல்லாமல் கதாபாத்திரங்களாக நிற்கின்றன. கும்பகர்ணன் எழுந்து வரும் இடத்தைப் பாருங்கள். அவனை மலையாக உணரவைப்பது அவனுடைய வேகக்குறைவு. இன்றைய கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் நூறு கும்பகர்ணர்கள் சிட்டாகப் பறந்திருப்பார்கள். ஒருத்தனுக்கும் எடை இருந்திருக்காது.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இந்த அழகுக்கு ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது. தெசூகா மலிவாக விற்றுக்கொடுத்த வழக்கத்தால்தான் தொழிலே குறைந்த பட்ஜெட்டில் சிக்கிக்கொண்டது என்று, 1989இல் அவர் இறந்த பிறகு மியாசாகி காட்டமாகவே சொன்னார். முக்கியப் படங்களுக்கு இடையிலுள்ள அசைவுகளை வரைகிற இளம் ஓவியர்களுக்கு அங்கே படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. திருப்பூரில் பீஸ் ரேட் என்போமே, அதேதான். காலர் தைக்கிறவர் நிலைமையும் கண்ணிமை வரைகிறவர் நிலைமையும் ஒன்று. பழைய படங்களை ரசிக்கும்போது அந்த விரல்களையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதெல்லாம் ஜப்பான் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு இருக்கிறது. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்தில் வந்து தங்கினார். இரவு இரவாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார். புத்தகமாக்கினார். அதோடு விடாமல், கனடாவில் இருந்துகொண்டு, ஒரு தமிழ் ஓவியரைத் துணை சேர்த்து, ‘பொன்னிவள நாட்டுக் கதை’யை 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. காகித பொம்மைகள் மாதிரி தட்டையான உருவங்கள், குறைந்த அசைவு. டிஸ்னி கண்ணோடு பார்த்தால் ஏமாற்றம்தான். உடுக்கடிப் பாட்டுக் கேட்ட காதோடு பார்த்தால் வேறு விஷயம். அதில் இருக்கிறவர்கள் ஏர் பிடித்து நிலம் திருத்திய குடியானவர்கள்.

இதே கதை 2011இல் ‘பொன்னர் சங்கர்’ என்று பிரம்மாண்டமான சினிமாவாகவும் வந்தது. கலைஞர் எழுதிய கதை, பிரசாந்துக்கு இரட்டை வேடம். அரண்மனை, படை, பெரிய பெரிய செட். அந்தப் பளபளப்பில் வயலும் வாய்க்காலும் காணாமல் போயின. அண்ணன்மார் ராஜாக்கள் ஆனார்கள், தங்காள் சும்மா ஒரு தங்கச்சி ஆகிவிட்டாள். பாட்டில் அவள் அப்படியா? அண்ணன்களுக்கு வரப்போகிற கேட்டை முன்னாலேயே கனவில் காண்கிறவள் அவள். படுகளத்தைத் தேடித் தன்னந்தனியே நடக்கிறவள், மாண்டவர்களைக் கொஞ்ச நேரம் எழுப்பிப் பேசவைக்கிறவள். அந்தக் காட்சிக்கு ஆயிரம் குதிரை தேவையில்லை. ஒரு முகமும் ஒரு குரலும் போதும். ஒரு நிமிஷம் அசையாமல் நிறுத்துகிற தைரியமும் வேண்டும்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது, “நம்ம பசங்க யாராச்சும் வரைவாங்களாங்க?” என்றார். வரையத் தெரிந்த பிள்ளைகள் கோவையில் இருக்கிறார்கள். அவர்களுடைய நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள்: முள்ளுத் தலையும் பெரிய கண்ணுமாக ஜப்பான் ஹீரோக்கள். கை தயார். கதையைத்தான் அவர்கள் கேட்டதில்லை. உடுக்கையடித்து இரவெல்லாம் பாடுகிறவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

மாசியில் மணப்பாறை பக்கம் வீரப்பூரில் திருவிழா. முள்ளுத் தலை வரைகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டும் பென்சிலும் அவன் கையிலேயே இருக்கட்டும்.