ஆள் சேர்ப்பும் அதிகாரப் பகிர்வும்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிறது மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வு. இது பெருமைக்குரிய சேதிதான். பலதரப்பட்டவர்களைப் பணியில் சேர்ப்பது தொழிலுக்கு நல்லது என்ற வாதத்தை இந்த இடத்தில் வைத்தே எடை போட்டுப் பார்க்கலாம்.

வாதத்தில் வலு உண்டு. பாதி மக்களை ஒதுக்கிவிட்டு ஆள் தேடும் முதலாளி பாதித் திறமையை இழக்கிறார். பலவித அனுபவம் உள்ளவர்கள் கூடினால், ஒரே மாதிரி ஆட்களின் கண்ணில் படாத பிழையும் வெளியே வரும். ஜாய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண் ஆய்வாளரின் முகத்தை மென்பொருளால் அடையாளம் காண முடியவில்லை. அவரும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் மூன்று நிறுவனங்களின் முகம் அறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று கணிப்பதில் வெளிர்நிற ஆண்களிடம் பிழை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 35 வரை போனது. அந்த நிறுவனங்களுக்குள்ளேயே இப்படிப்பட்டவர்கள் சோதனைப் பொறுப்பில் இருந்திருந்தால், பொருள் சந்தைக்கு வரும் முன்பே குறை தெரிந்திருக்கும்.

நடைமுறையில்தான் கோளாறு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் உரிமையாளரின் மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கணக்கை முடித்தன. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது நியாயமானது. ஆனால் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்கு வெளியே அந்த விடுப்புக் காலச் சம்பளம் முழுவதும் முதலாளி தலையில் விழுவதால், இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவோர் இருக்கிறார்கள்.

சேர்த்துக்கொண்ட பிறகும் குரல் கேட்கப்படுகிறதா? 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு நஞ்சாகித் தோழிகள் மருத்துவமனையில் கிடந்தபோது, நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். அந்தப் புகாருக்கு உள்ளேயே செவிகொடுக்க ஆள் இருந்திருந்தால் அவர்கள் சாலைக்கு வந்திருக்க மாட்டார்கள். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே விற்ற பெண்களுக்கு ஒரு முக்காலி கிடைக்கவும் 2021-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது.

லாபத்தை மட்டும் காரணமாகச் சொல்வதும் ஆபத்து. பணியாளர் பன்மை கூடினால் லாபம் கூடும் என்று ஆலோசனை நிறுவனங்கள் சொல்லிவந்ததைப் பிற ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆதாயத்துக்காகத் தொடங்கியது ஆதாயம் குறைந்தால் நின்றுபோகும். 2025-இல் அமெரிக்காவில் அரசியல் காற்று மாறியதும் பெருநிறுவனங்கள் பல தங்கள் பன்மைத் திட்டங்களைச் சுருட்டிவிட்டன. சம வாய்ப்பு என்பது உரிமை. லாபம் வந்தால் அது கூடுதல் பலன்.

ஆகவே எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்பது முதல் கேள்வி மட்டுமே. மேற்பார்வையாளர் யார், பதவி உயர்வை முடிவுசெய்வது யார், புகாரை விசாரிப்பது யார் என்பதையும் நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் படிநிலைவாரியாக வெளியிட வேண்டும். மகப்பேறு ஊதியச் செலவில் அரசும் பங்கேற்க வேண்டும். முடிவெடுக்கும் நாற்காலி கைமாறாத வரை, பன்மையால் தொழிலுக்குக் கிடைக்கும் நன்மை அரைகுறைதான்.